படிக்கிற கையும் பக்கத்தில் நிற்கிறவரும்

கல்முனையில் வாட்டுக்கு ஆள் பார்க்கப் போய்விட்டு வந்து தேத்தண்ணிக் கடையில் உட்காருகிறவர்கள் பலர் கேட்கிற கேள்வி இது: “உம்மாட கையில ஊசி குத்தின அந்தப் புள்ள டொக்டரா, இன்னும் படிக்கிற புள்ளயா?” தேத்தண்ணி பாதி முடியும்போது அடுத்த கேள்வியும் வரும்: “படிக்கிறதுண்டா வேற ஆளில படிக்கலாந்தானே, ஏன் எங்கட உம்மாவில?” இரண்டாவது கேள்வியைப் பலர் கோபத்தோடு கேட்பார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு என்றே நான் நினைக்கிறேன். அதற்கு ஒழுங்கான பதில் சொல்ல கொஞ்ச நேரம் தேவை. இன்னொரு பிளேன்டீ சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

முதலில் வாட்டில் நிற்கிறவர்கள் யார் யார் என்று பார்ப்போம். தாதியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வருகிற மாணவிகள் இருப்பார்கள். அவர்களுடைய பயிற்சி மூன்று வருடம். நமது பக்கத்தில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அந்தக் கல்லூரிகள் உண்டு. கல்முனையிலிருந்து உங்களை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு மாற்றி அனுப்பினால், அங்கே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்கள் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். இவர்கள் இன்னும் டொக்டர் ஆகவில்லை. மூன்றாவது கூட்டம் உள்ளகப் பயிற்சி வைத்தியர்கள், வாட்டுப் பேச்சில் ஹவுஸ் ஒபிசர்கள். இறுதிப் பரீட்சையில் தேறி, இலங்கை மருத்துவ சபையில் தற்காலிகப் பதிவு பெற்று, ஆறு மாதம் ஒரு பிரிவிலும் ஆறு மாதம் இன்னொரு பிரிவிலும் வேலை செய்கிறவர்கள். அந்த ஒரு வருடத்தைத் திருப்தியாக முடித்தார் என்று மேலே உள்ள விசேட வைத்திய நிபுணர் கையொப்பம் வைத்தால்தான் முழுப் பதிவு கிடைக்கும். ஆக, உங்கள் உம்மாவுக்கு ஊசி குத்திய பிள்ளை பெரும்பாலும் டொக்டர்தான், ஆனால் இன்னொருவருடைய கண்ணுக்குக் கீழே வேலை செய்கிற டொக்டர். அந்த இன்னொருவரைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும்.

ஏன் நம்முடைய உம்மா? இந்த நாட்டில் 1945 தொடக்கம் கல்வி இலவசம். அரச வைத்தியசாலையில் 1951இல் கட்டணம் ஒழிந்தது. அரச பல்கலைக்கழகத்தில் டொக்டர் படிப்புக்கு மாணவன் காசு கட்டுவதில்லை, வாட்டில் படுப்பதற்கு நோயாளியும் காசு கட்டுவதில்லை. ஆனால் மருத்துவம் புத்தகத்தால் மட்டும் வருகிற தொழில் அல்ல. யாரோ ஒருவருடைய நரம்பைத் தேடித்தான் கை பழகும், யாரோ ஒருவருடைய நெஞ்சில் காது வைத்துத்தான் சத்தம் விளங்கும். அந்த யாரோ எப்போதும் இலவச வாட்டில் படுத்திருக்கிறவர்தான். காசு கொடுத்துத் தனியார் வைத்தியசாலைக்குப் போகிறவரின் கட்டிலைச் சுற்றி மாணவர் கூட்டம் நிற்பதில்லை. கடலுக்குப் போகிறவரும், வயல் செய்கிறவரும், தறியில் இருக்கிறவரும், அவர்களுடைய உம்மாமாரும்தான் இந்த நாட்டின் டொக்டர்மாருக்குத் தங்கள் உடம்பால் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாள் நமக்கே நெஞ்சு வலி வந்து நடுச்சாமத்தில் தூக்கிக்கொண்டு போனால், அங்கே நிற்கிற டொக்டரின் கை பழகியிருப்பது இப்படி ஆயிரம் பேர் கை நீட்டிக் கொடுத்ததால்தான். அதனால்தான் அவர்களிடம் கேட்காமல் எடுப்பது எனக்குச் சின்ன விசயமாகத் தெரியவில்லை.

கேட்பது என்றால் என்ன என்று ஒரு கெனுலாவை வைத்துப் பார்ப்போம். மருந்தும் சேலைனும் ஏற்றக் கையில் குத்தி வைக்கிற சின்னக் குழாய். நீலத் தலை உள்ளது மெல்லியது, இளஞ்சிவப்புத் தலை உள்ளது அதைவிடத் தடிப்பு. எழுபது வயதான, சீனி வருத்தம் உள்ள ஒரு உம்மாவின் கை. நரம்பு கண்ணுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் தொட்டால் வழுக்கி ஓடும். மணிக்கட்டுக்கு மேலே ரப்பர் பட்டி கட்டி, குத்துகிற இடத்துக்குக் கீழே பெருவிரலால் தோலை இழுத்துப் பிடித்து, ஊசியைப் படுக்கப் பிடித்துச் செருக வேண்டும். குழாயின் பின்பக்கத்தில் இரத்தம் எட்டிப் பார்க்கும். அந்த நொடியில்தான் புதிய கை தவறுகிறது. இரத்தம் தெரிந்த சந்தோசத்தில் ஊசியை இன்னும் ஒரு மயிரிழை உள்ளே தள்ளினால் நரம்பின் மறுபக்கம் ஓட்டையாகிவிடும். கையில் நீல நிறத்தில் ஒரு வீக்கம் எழும்பும். உம்மா பல்லைக் கடித்துக்கொள்வார். “பரவால்ல மகன்” என்பார். நமது பக்கத்து வயதானவர்கள் எப்போதும் பரவாயில்லை என்றுதான் சொல்வார்கள். அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பக்கத்தில் நிற்கிற மூத்தவர் அந்த அரை நிமிடத்துக்குள் பல முடிவுகள் எடுக்கிறார். இந்தப் பிள்ளை இதற்கு முன் பொம்மைக் கையில் பழகியதா? இல்லையென்றால் முதல் குத்தே இந்த உம்மாவிலா? நோயாளி எவ்வளவு அவசரத்தில் இருக்கிறார்? மருந்து பத்து நிமிடம் பிந்தினால் பரவாயில்லையா, இல்லை ஒவ்வொரு நிமிடமும் முக்கியமா? முதல் குத்துத் தவறினால் இரண்டாவது வாய்ப்புக் கொடுப்பதா? நல்ல வாட்டுகளில் இரண்டு தரத்துக்கு மேல் ஒரே ஆள் குத்துவதில்லை. இரண்டாவதுக்கு முன் மறுபடி கேட்பார்கள், மூன்றாவதை மூத்தவர் வாங்கிக்கொள்வார். வாங்கும்போது பிள்ளையை நோயாளிக்கு முன் சிறுமைப்படுத்தாமல் வாங்க வேண்டும், ஏனென்றால் நாளைக் காலையில் அந்தக் கை மறுபடி இன்னொருவரைத் தொட வேண்டும்.

இதையெல்லாம்விட முக்கியம், கேட்கிற நேரம். ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு மாணவன் கட்டிலருகே நிற்கும்போது “இவர் போடலாமா?” என்று கேட்டால் யார்தான் வேண்டாம் என்பார்? அந்தப் பிள்ளை வருவதற்கு முன், மூத்தவர் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டும்: “உம்மா, பயிற்சிக்கு வந்த ஒரு புள்ள இருக்கு. ஊசிய அவரு போடட்டா? நான் பக்கத்துலதான் நிப்பன். விருப்பமில்லாட்டி சொல்லுங்க, நான் போடுறன், ஒண்டும் நினைக்க மாட்டன்.” கடைசி வார்த்தைகள் இல்லாவிட்டால் அது கேள்வியே அல்ல. வைத்தியம் இலவசம், டொக்டர் பெரிய ஆள், மறுத்தால் கவனிப்புக் குறையுமோ என்ற பயம் நோயாளியின் மனதில் எப்போதும் இருக்கும். அந்தப் பயத்தைக் கேட்கிறவர்தான் வாய் திறந்து எடுத்துப் போட வேண்டும்.

கெனுலா சின்ன விசயம். பிரசவ வாட்டுக்கும் தியேட்டருக்கும் போனால் இதே கேள்வி மிகக் கனமாகிவிடும். நியூசிலாந்தில் ஓக்லாந்து நகரத்துப் பெண்கள் வைத்தியசாலை ஒன்றைப் பற்றி 1987இல் இரண்டு பெண்கள் பத்திரிகையில் எழுதினார்கள். நீதிபதி சில்வியா கார்ட்ரைட் தலைமையில் விசாரணை நடந்து 1988இல் அறிக்கை வந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முந்திய நிலையில் இருந்த பெண்களுக்கு முழுச் சிகிச்சை கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்த ஆய்வுதான் அதன் முக்கிய விசயம். ஆனால் விசாரணையில் இன்னொன்றும் வெளியே வந்தது: மயக்க மருந்தில் கிடந்த பெண்களை, அவர்களுக்குத் தெரியாமலே, மாணவர்கள் உட்பரிசோதனை செய்து பழகியிருந்தார்கள். அது அந்த ஒரு நாட்டின் கதை மட்டுமல்ல. 2003இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மருத்துவ மாணவர்களிடமே கேட்டு எழுதிய ஓர் ஆய்வு, மயக்கத்தில் செய்த இப்படியான பரிசோதனைகளில் கால்வாசி வரை போதிய சம்மதம் இல்லாமல் நடந்திருந்ததைக் காட்டியது. அதே வருடம் அமெரிக்காவின் பிலடெல்பியா மாணவர்களிடம் எடுத்த ஆய்வும் வந்தது. அதில் கவலை தந்தது, பிரசவ, பெண்நோய்ப் பிரிவுப் பயிற்சியை முடித்த மாணவர்களுக்கு “கேட்க வேண்டும்” என்ற எண்ணம் தேய்ந்திருந்ததுதான். அமெரிக்க அரசு, வைத்தியசாலைகளுக்கு எழுத்துமூலச் சம்மதம் கட்டாயம் என்று தெளிவாகச் சொன்னது 2024 ஏப்ரலில்தான்.

அந்த மாணவர்கள் கெட்டவர்கள் அல்ல. பெரியவர் “வா, பார்” என்றார், அவர்கள் பார்த்தார்கள். மயக்கத்தில் கிடந்தவருக்கு வலிக்கவுமில்லை, தெரியவுமில்லை. அதனாலேயே யாருக்கும் அது ஒரு முடிவாகத் தோன்றவில்லை. மேற்பார்வை செய்கிறவர் முடிவு எடுக்காமல் விட்டால் வழக்கம் அவருக்குப் பதிலாக முடிவெடுத்துவிடும்.

நமது ஊர்களில் பெண்களின் வெட்கமும் மறைவும் மார்க்கத்தோடு சேர்ந்த விசயம். “லேடி டொக்டர் இருக்காவா?” என்று கேட்கிற பெண்ணைப் பிடிவாதக்காரி என்று சில வாட்டுகளில் பேசுவார்கள், அப்படிப் பேசுவதைப் பக்கத்தில் நிற்கிற மாணவர்களும் பிடித்துக்கொள்வார்கள். அதே நேரம் இன்னொரு உண்மையையும் மறைக்க முடியாது. ஆண் மாணவனும் இதைப் படிக்கத்தான் வேண்டும். நடுச்சாமத்தில், பிள்ளை பெற்ற ஒரு தாய் இரத்தமாய்ப் போட்டுக்கொண்டிருக்கும்போது அங்கே நிற்கிறவர் ஆண் டொக்டர் ஒருவராக மட்டும் இருக்கலாம். அன்றைக்கு அவர் முதல் தரமாகத் தொடுகிறவராக இருந்தால் அந்தத் தாயின் உயிர் போகும். இரண்டும் உண்மை. ஆகவே இதில் எல்லோருக்கும் ஒரே சட்டம் போட முடியாது. ஆளுக்கு ஆள் கேட்க வேண்டும். திரையை இழுத்து, பெண் தாதி ஒருவர் பக்கத்தில் நிற்க, ஒரு மாணவர் மட்டும், ஒரு தரம் மட்டும். பிரசவ வலியில் இருக்கிற பெண்ணிடம் வலிக்கு நடுவில் கேட்பது கேட்பதல்ல. கிளினிக்குக்கு வருகிற மாதங்களிலேயே கேட்டு எழுதி வைக்கலாம். சம்மதிக்கிற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். “நாளைக்கு இன்னொரு புள்ளைக்கு உதவுமே” என்று சொல்லிச் சம்மதித்த தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். மாணவன் கற்றுக்கொள்ள அவர்கள் போதும். வேண்டாம் என்றவரை விட்டுவிட வேண்டும்.

சரி, நோயாளி சம்மதித்துவிட்டார். இனி எவ்வளவு தூரம் கையை விடுவது? பழைய காலத்து வாட்டு வாய்மொழி ஒன்று உண்டு: ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைச் சொல்லிக்கொடு. கேட்க நன்றாக இருக்கும், நடைமுறையில் ஆபத்தானது. மருதமுனையில் தறி பழகுகிற பிள்ளையின் கையில் நூல் அறுந்தால் முடிந்துவிட்டு மறுபடி நெய்யலாம். கெட்டுப்போன சாறனை ஓரமாக வைத்துவிட்டு வேறு பா பூட்டலாம். உடம்பில் அது முடியாது. நெதர்லாந்தின் ஊட்ரெக்ட் நகரத்து மருத்துவக் கல்வியாளர் ஒல்லே டென் காட்டே 2005இலிருந்து இதற்கு ஒரு தெளிவான வழி சொல்லி வருகிறார். பிள்ளை நல்லதா கெட்டதா என்று மொத்தமாக மதிப்பிடாமல், வேலை வேலையாகப் பார்க்க வேண்டும். இந்த ஒரு வேலையை இவர் பார்த்துக்கொண்டு மட்டும் நிற்கலாமா, நான் பக்கத்தில் நிற்கச் செய்யலாமா, நான் கூப்பிடு தூரத்தில் இருக்கச் செய்யலாமா, தனியாகச் செய்து பிறகு எனக்குச் சொன்னால் போதுமா, இவரே இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கலாமா? ஒரே பிள்ளை கெனுலாவில் நாலாம் படியிலும், முதுகுத் தண்டில் ஊசி போடுவதில் முதலாம் படியிலும் இருக்கலாம். எந்தப் படி என்பதை முடிவு செய்கிறவர் மேற்பார்வை செய்கிறவர். அந்த முடிவுக்குப் பொறுப்பும் அவரே. பிள்ளையின் கை தவறினால் அது பிள்ளையின் தவறு மட்டுமல்ல. அந்தப் படிக்கு ஏற்றி விட்டவரின் தவறும்கூட.

இனி நான் சொல்ல வந்த மையத்துக்கு வருகிறேன். ஒரு மூத்தவர் எவ்வளவு நல்லவர் என்பதை வாட் றவுண்டில் அவர் பேசுகிற பேச்சை வைத்து அளக்க முடியாது. இரவு இரண்டு மணிக்குப் பயிலுநர் போன் எடுத்தால் அவர் என்ன தொனியில் “ஹலோ” சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்று சம்பவங்கள் சொல்கிறேன். மூன்றும் பெரிய, வசதியுள்ள வைத்தியசாலைகளில் நடந்தவை.

1984 மார்ச் 4 இரவு. நியூயோர்க் ஹொஸ்பிட்டலுக்கு லிபி சயன் என்ற 18 வயதுப் பெண் காய்ச்சலோடும் நடுக்கத்தோடும் வந்தாள். மன அழுத்தத்துக்கு அவள் எடுத்துவந்த ஒரு மாத்திரையோடு பெத்தடீன் சேரவே கூடாது. அவளைப் பார்த்தவர்கள் பயிற்சியில் இருந்த இரண்டு டொக்டர்கள். குடும்ப டொக்டரோடு போனில் பேசினார்கள், அவர் வரவில்லை. பெத்தடீன் போடப்பட்டது. அந்த இரவில் சுமார் 40 நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த முதல் வருட டொக்டரைத் தாதிமார் மறுபடி கூப்பிட்டார்கள். அவர் நேரில் வராமல், அவளைக் கட்டிலோடு கட்டிவைக்கச் சொல்லி உத்தரவு கொடுத்தார். விடியும்போது காய்ச்சல் 42 பாகையை நெருங்கியது, இதயம் நின்றது. அவளுடைய தகப்பன் ஒரு பத்திரிகையாளர். அவர் விடாமல் போராடியதால் 1989இல் நியூயோர்க் மாநிலம் பயிற்சி டொக்டர்மாரின் வேலையை வாரத்துக்கு 80 மணித்தியாலத்துக்கு மட்டுப்படுத்தியது. உலகம் இந்த 80 மணித்தியாலத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தை வரைந்த குழுவின் தலைவர் பேர்ட்ராண்ட் பெல் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்னது வேறு: தூக்கத்தைவிட முக்கியம், மூத்தவர் அங்கே இருப்பது.

2001 ஜனவரி 4. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம். இரத்தப் புற்றுநோய் ஏறக்குறைய மாறியிருந்த 18 வயது இளைஞர் ஒருவர் தொடர் சிகிச்சைக்கு வந்தார். ஒரு மருந்து முதுகுத் தண்டுக்குள் போட வேண்டியது. மற்றது வின்கிறிஸ்டீன், இரத்த நாளத்தில் மட்டும் போட வேண்டியது. முதுகுத் தண்டுக்குள் போனால் மரணம். இரண்டும் ஒன்றாகக் கட்டிலருகே வந்துவிட்டன. ஊசியைப் பிடித்திருந்தவர் இளையவர். மருந்தை எடுத்துக் கொடுத்து மேற்பார்வை செய்தவர் அந்த வாட்டுக்கு வந்து மூன்றாம் நாள்தான். இளையவர் கேட்டார்: இது வின்கிறிஸ்டீனா? ஆம். முதுகுத் தண்டுக்குள்ளா? ஆம். இளையவர் போட்டுவிட்டார். பெப்ரவரி 2ஆம் திகதி அந்த இளைஞர் இறந்தார்.

நான் பயிலுநர்களோடு பேசும்போதெல்லாம் இந்த இடத்தில் நிறுத்திவிடுவேன். அந்த இளையவர் கேட்டார். ஒரு தரமல்ல, மறுபடியும் கேட்டார். அதற்கு மேல் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை; மேலே இருப்பவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். நமது பக்கத்தில் “சேர்” என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளை இரண்டாம் தரம் கேட்கவே கேட்காது. அதனால் மூத்தவர் தனக்கே ஒரு கட்டுப்பாடு வைக்க வேண்டும்: இளையவர் எதையாவது “இதுவா?” என்று கேட்டால், வாயால் “ஓம்” சொல்லக் கூடாது. கையை நிறுத்தி, லேபலை இருவரும் சேர்ந்து சத்தமாக வாசிக்க வேண்டும். மேற்பார்வை செய்தவரும் அந்த இடத்துக்குப் புதியவர், அவரை மேற்பார்வை செய்ய ஒருவரும் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. அவர் பிறகு சிறைக்குப் போனார். அந்த மருந்தை ஊசிக் குழாயில் அடைக்காமல் சின்னச் சேலைன் பையில் கலந்து கொடுங்கள், அப்போது அதை முதுகுத் தண்டு ஊசியில் பூட்ட எவராலும் முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் எல்லா நாடுகளுக்கும் அறிவித்தது. மனிதனின் கவனத்தை நம்பாமல் பொருளையே மாற்றுவதும் மேற்பார்வை செய்கிறவரின் கடமைதான்.

மூன்றாவது, இங்கிலாந்தின் லெஸ்டர், 2011 பெப்ரவரி 18. ஹடீசா பாவா-கார்பா என்ற பயிற்சி நிலைக் குழந்தை வைத்தியர் பிரசவ விடுமுறைக்குப் பிறகு அவசரப் பிரிவு வேலைக்குத் திரும்பியிருந்தார். ஆள் குறைவு, கணினி வேலை செய்யவில்லை, பொறுப்பு நிபுணர் வேறொரு ஊரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். ஆறு வயதுப் பையன் ஒருவன் கிருமி இரத்தத்தில் கலந்த நிலையில் வந்திருந்தான். மாலை நாலரைக்கு நிபுணர் வந்ததும் பாவா-கார்பா பையனின் இரத்தப் பரிசோதனை முடிவுகளை வாசித்துக் காட்டினார். நிபுணர் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதினார், பையனைப் போய்ப் பார்க்கவில்லை. அவர் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்று நிபுணர் பிறகு சொன்னார். பையன் அன்றிரவே இறந்தான். 2015இல் பாவா-கார்பா கவனயீனத்தால் மரணம் விளைவித்த குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்த்தது. 2018 ஜனவரியில் பதிவேட்டிலிருந்து பெயர் வெட்டப்பட்டது. அதே வருடம் ஓகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் மறுபடி சேர்த்தது. தவறுகள் அவரிடமும் இருந்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இலக்கங்களைக் கேட்ட பிறகும் எழுந்து போய்ப் பார்க்காத ஒருவர், “நீ அழுத்திச் சொல்லவில்லை” என்று பிள்ளையின் தலையில் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எது அழுத்திச் சொல்ல வேண்டிய இலக்கம் என்று தெரிந்திருந்தால் அவர் ஏன் பயிற்சியில் இருக்கிறார்?

நான் கண்ட நல்ல மூத்தவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். புதிய ஹவுஸ் ஒபிசர் வந்த முதல் நாளே, எந்த எந்த நேரம் கட்டாயம் போன் எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். பிறஷர் இவ்வளவுக்குக் கீழே போனால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் உளறத் தொடங்கினால், பிரசவத்துக்குப் பிறகு இரத்தம் நிற்காவிட்டால், ஒரே நோயாளிக்குத் தாதி மிஸ்ஸி இரண்டாம் தரம் கூப்பிட்டால், காரணம் தெரியாமல் மனம் பதறினால். அப்படிக் கட்டாயமாக்கினால் கூப்பிடுவது பிள்ளையின் பலவீனம் ஆகாது, வேலையின் ஒரு பகுதி ஆகிவிடும். அடுத்தது, தேவையில்லாத அழைப்பு வந்தால்கூட “கூப்பிட்டது நல்லது” என்று சொல்லித்தான் வைப்பார்கள். ஒரு பிள்ளையை இரண்டு மணிக்கு ஏசினால் காலைச் சாப்பாட்டுக்கு முன் அந்தச் செய்தி குவாட்டர்ஸ் முழுக்கப் பரவிவிடும்; அதற்குப் பிறகு அந்த டொக்டருக்கு யாரும் போன் எடுக்க மாட்டார்கள். எந்த நோயாளியைப் பற்றி வந்திருக்க வேண்டிய அழைப்பு வராமல் போனது என்பது அவருக்கு ஒருநாளும் தெரியவராது.

தவறு நடந்த பிறகு என்ன? குடும்பத்தாரிடம் யார் போய்ச் சொல்வது? பிள்ளையைத் தனியாக அனுப்புவது கோழைத்தனம், பிள்ளையை ஒளித்துவைத்துவிட்டுத் தானும் ஒளிவது அதைவிடக் கேடு. மூத்தவர் முன்னுக்குப் போக வேண்டும். பிள்ளை பக்கத்தில் நின்று, எப்படிச் சொல்வது என்று பார்க்க வேண்டும். என்ன நடந்தது, இப்போது என்ன செய்கிறோம், என்ன தெரியாது என்று நேராகச் சொல்ல வேண்டும். நோயாளியின் பதிவுத் தாளில் ஒரு எழுத்தைக்கூடப் பிறகு மாற்றக் கூடாது. நமது ஊர்களில் அசருக்கு நடந்தது மஃரிபுக்குள் எல்லோருடைய போனிலும் வந்துவிடும், அதுவும் அந்தப் பிள்ளையின் படத்தோடு. உண்மையைப் பெரியவர் முதலில் சொல்லியிருந்தால் வதந்திக்கு இடமில்லை.

இதிலும் கடினமானது, பயிற்சியைத் திருப்தியாக முடித்தார் என்று வைக்கிற கையொப்பம். ஹவுஸ் ஒபிசர் நம்மூர்ப் பிள்ளையாக இருப்பார், அவருடைய வாப்பா பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பார், மாமா நம்மோடு படித்திருப்பார். முடிவில் பத்திரம் வந்து மேசையில் இருக்கும். வாப்பாவும் வருவார்: “நம்மட புள்ளதானே டொக்டர், கொஞ்சம் பாருங்க.” அந்த வாப்பாவைக் கடுமையாகப் பேச எனக்கு மனம் வராது, பிள்ளையைப் படிப்பிக்க அவர் பட்ட பாடு ஊருக்கே தெரியும். ஆனால் இந்தப் பத்திரத்தில் கையொப்பம் வைத்தால், நாளைக்குப் பொத்துவிலிலோ மூதூரிலோ தனியாக ஒரு வைத்தியசாலையில் இந்தப் பிள்ளை நிற்கும். அங்கே வரப்போகிற நோயாளிக்கு மேசைக்கு முன்னால் வந்து பேச ஒரு வாப்பா இல்லை.

பலவீனம் இரண்டு வகை என்பதையும் பார்க்க வேண்டும். கை மெதுவான பிள்ளை, பயந்த பிள்ளை, மறதியுள்ள பிள்ளை, இவர்களைத் திருத்தலாம். நேரம் கொடுத்து, பயிற்சியை நீட்டி, பக்கத்தில் நின்று. எடுக்காத பிறஷரை எடுத்ததாக எழுதுகிற பிள்ளை வேறு. பார்க்காத நோயாளியைப் பார்த்தேன் என்று சொல்கிற பிள்ளை வேறு. முதல் வகைக்கு நான் கருணை கேட்பேன். இரண்டாவது வகையைக் கண்டதும் அன்றே கூப்பிட்டுப் பேசி, எழுதி வைத்து, மேலே அறிவிக்க வேண்டும். முடிவு மாதம் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று கையொப்பம் மறுப்பது அந்தப் பிள்ளைக்கும் அநியாயம். மூன்றாம் கிழமையிலேயே சொல்லியிருந்தால் அது திருந்தியிருக்கவும் கூடும்.

மொழியையும் விட முடியாது. நமது வாட்டுகளுக்குத் தமிழ் தெரியாத சிங்களப் பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிறார்கள். நமது பிள்ளைகள் சிங்களம் தெரியாமல் தெற்குக்குப் போகிறார்கள். மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிசன் டொக்டர் 19ஆம் நூற்றாண்டிலேயே மாணவர்களுக்குத் தமிழில் மருத்துவம் படிப்பித்து, பாடப் புத்தகங்களையும் தமிழில் ஆக்கியிருக்கிறார். வைத்தியம் நோயாளியின் வாயிலிருந்து தொடங்குகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று சிங்களப் பிள்ளைக்கும் நமது உம்மாவுக்கும் நடுவில் மொழிபெயர்க்கிறவர் பெரும்பாலும் அட்டெண்டனோ பக்கத்துக் கட்டில்காரரோதான். அப்படிக் கேட்டு வாங்குகிற சம்மதத்தை மூத்தவர் ஒரு தரம் தானே தமிழில் சரிபார்க்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு “எங்க வலிக்குது”, “விருப்பமா”, “வேணாண்டா சொல்லுங்க” என்ற மூன்றையாவது முதற் கிழமையிலேயே பழக்கிவிட வேண்டும். நல்ல மனதோடு வருகிற பிள்ளைகள் ஆசையோடு பழகுவார்கள்.

இனி உங்கள் பக்கம். வாட்டில் நீங்கள் கேட்கக்கூடியவை, யாரும் கோபிக்கக் கூடாதவை சில உண்டு. “மகன், நீங்க டொக்டரா, படிக்கிறீங்களா?” என்று நேராகக் கேளுங்கள்; உண்மையைச் சொல்லத்தான் அவர் பழக வேண்டும். “உங்களுக்கு மேல ஆரு? அவரு எப்ப வருவாரு?” என்று கேளுங்கள். இரவில் நோயாளி மாறிப்போனதாகப் பட்டால், “பெரிய டொக்டருக்குச் சொல்லிட்டீங்களா?” என்று மிஸ்ஸியிடம் கேளுங்கள், ஒரு தரம் பதில் வராவிட்டால் மறுபடி கேளுங்கள். உட்பரிசோதனைக்கு மாணவர் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. முடிந்த இடத்தில் கையை நீட்டிக் கொடுங்கள். அந்தப் பிள்ளை முதல் தரத்திலேயே சரியாகக் குத்தினால் அதையும் வாய் திறந்து சொல்லுங்கள், பக்கத்தில் நிற்கிற பெரியவருக்கும் கேட்கும்படியாக.